எழுபது வருஷத்தை எண்ணுவது எப்படி? தீர்க்கதரிசனக் காலக்கணக்குக்கு ஒரு பத்திர எழுத்தரின் வழிகாட்டி

1999 ஆடியில் எங்கள் சித்தப்பா விதைக்கு வைத்திருந்த மல்லாட்டையை (நிலக்கடலையை) வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அணைக்கட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரி. உழவு ஓட்டி மழைக்குக் காத்திருந்த நிலம். ஊருக்கு வந்த ஒரு சுவிசேஷ ஊழியர் தானியேல் புத்தகத்தைத் திறந்து, சாக்பீஸால் சுவரில் கூட்டல் கழித்தல் போட்டு, உலகம் இந்த வருஷம் நவம்பரைத் தாண்டாது என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். செடியைப் பிடுங்க ஆளே இருக்கப்போவதில்லை, விதை எதற்கு என்பது சித்தப்பாவின் வாதம்.

நவம்பர் வந்தது, போனது. சுவரில் அந்தக் கணக்கு வெள்ளையடிக்கும்வரை அப்படியே இருந்தது.

நான் காட்பாடியில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவன். சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுப் பேர் வேதபாடத்துக்கு உட்காருவோம். போன மாதம் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற ஒரு பையன் கன்வென்ஷன் கூட்டத்து வாசலில் கொடுத்த நோட்டீசோடு வந்தான். ஒரு பழைய வருஷம், அதோடு ஒரு பெரிய எண், கூட்டினால் வரப்போகிற ஒரு வருஷம். "அங்கிள், இந்தக் கணக்கு சரியா?" என்றான்.

"கணக்கு சரி தம்பி. பத்திரம்தான் தப்பு" என்றேன்.

அவனுக்கு விளக்க மூன்று சனிக்கிழமை ஆனது. அந்த மூன்று வாரப் பாடம்தான் இது. எடுத்துக்கொண்டது, யூதா நாடு பாபிலோனுக்கு அடங்கிய காலத்தில் எரேமியா தீர்க்கதரிசி சொன்ன எழுபது வருஷம். காரணம், அது முடிந்துபோன கணக்கு. விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். விடை தெரிந்த கணக்கில் கை பழகாதவன் விடை தெரியாத கணக்கில் இறங்கினால் சித்தப்பா கதைதான்.

1. எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள்

எரேமியா 25:1-14, 29:1-14. இரண்டு பகுதியையும் எண் இல்லாமல் ஒருமுறை படியுங்கள். பிறகு ஒரு தாளில் நாங்கள் பத்திரத்துக்கு எடுக்கிற குறிப்பு மாதிரி எழுதுங்கள்: சொல்கிறவர் யார், கேட்கிறவர் யார், என்றைக்குச் சொன்னது, எதைப்பற்றிச் சொன்னது, எது நடந்தால் முடிந்ததாக அர்த்தம்.

25ஆம் அதிகாரம் யோயாக்கீம் ராஜாவின் நாலாம் வருஷம், அதாவது கி.மு. 605. கேட்கிறவர்கள் யூதாவில் இருக்கிற ஜனங்கள். 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். கி.மு. 597இல் முதல் கூட்டத்தோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பியது. ஒன்று ஊரில் இருப்பவர்களுக்கு, இன்னொன்று ஊரை இழந்தவர்களுக்கு. ஆனால் எண் ஒன்றே.

பலரும் இந்த இடத்தை ஐந்து நிமிஷத்தில் தாண்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பாதித் தவறு இங்கேதான். நோட்டீஸ்களில் வசனத்தின் எண் இருக்கும், வசனத்தின் தேதி இருக்காது.

2. எழுபது யாருடையது?

பொதுவாக எல்லாரும் சொல்வது, "யூதர்கள் எழுபது வருஷம் சிறையிருந்தார்கள்" என்று. தாளைப் பாருங்கள். 25:11 சொல்வது "இந்த ஜாதிகளோ, எழுபதுவருஷமாகப் பாபிலோன் ராஜாவைச் சேவிப்பார்கள்" என்று. யூதா மட்டும் அல்ல, சுற்றியிருக்கிற ஜாதிகளும் சேர்த்தி. சேவிப்பது என்றால் ஊரைவிட்டுப் போவது என்று அர்த்தம் இல்லை. சொந்த ஊரிலேயே இருந்து கப்பம் கட்டினாலும் சேவிப்புதான். அடுத்த வசனம் எல்லையை நட்டுவிடுகிறது: எழுபது நிறைவேறினபின்பு பாபிலோன் ராஜாவை விசாரிப்பேன். ஆக, முடிவுக் கல் பாபிலோனின் வாசலில் கிடக்கிறது, எருசலேமில் இல்லை.

29:10 நம் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) "பாபிலோனில் எழுபதுவருஷம் முடிந்தபின்பு" என்று இருக்கிறது. எங்கள் சபையில் முன்பு இருந்த ஐயர் (போதகர்) எபிரெயம் படித்தவர். அங்கே இருக்கிற உருபை "பாபிலோனுக்கு எழுபது வருஷம்" என்றும் படிக்கலாம், அதுவே நேரான அர்த்தம் என்று காட்டினார். 'இல்' என்றால் அகதிகள் அங்கே தங்கிய காலம். 'கு' என்றால் பாபிலோனுக்கு அளந்துகொடுத்த ஆட்சிக்காலம். ஒரு வேற்றுமை உருபில் கணக்கு எங்கே ஆரம்பிப்பது என்பதே மாறிவிடுகிறது. கிரயப் பத்திரத்தில் 'வரை', 'முதல்' என்கிற சொல் இடம் மாறினால் வேலி எப்படி நகரும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

எழுபது என்ற எண்ணையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். சங்கீதம் 90:10 மனிதனின் ஆயுசுநாட்களை எழுபது என்கிறது. ஏசாயா 23:15 தீரு பட்டணம் எழுபது வருஷம் மறக்கப்படும், அது ஒரு ராஜாவின் நாட்களுக்குச் சரி என்கிறது. வேதத்துக்கு வெளியிலும் இந்த எண் உண்டு. அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 689இல் பாபிலோனை அழித்தான். அவன் மகன் எசரத்தோன் அதைத் திரும்பக் கட்டினான். மர்தூக் தெய்வம் அந்த நகரத்துக்கு எழுபது வருஷப் பாழ் என்று எழுதிவைத்து, பிறகு மனமிரங்கி எண்ணைத் தலைகீழாக்கிப் பதினொன்று ஆக்கினார் என்று எசரத்தோனின் கல்வெட்டு சொல்கிறது. ஆப்பெழுத்தில் எழுபதுக்கான குறியை இடம் மாற்றினால் பதினொன்று வரும். ஆக, அந்த வட்டாரத்தில் எழுபது என்பது 'ஒரு தலைமுறை முழுக்க' என்று காதில் விழக்கூடிய எண். அதற்காக எண்ணவே கூடாது என்று இல்லை. மாதம், நாள்வரை கறாராக வரவேண்டும் என்று அடம்பிடிக்கும் முன் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. அந்த ஊர் வருஷம் நம் ஊர் வருஷம் அல்ல

இங்கே நிதானமாக நடக்க வேண்டும்.

நம் ஊரில் ஒருவரிடம் வயசு கேட்டால் "முடிஞ்சதா, நடப்பா?" என்று திருப்பிக் கேட்பார்கள். முடிந்தது 39, நடப்பு 40. இரண்டும் பொய் இல்லை. பாபிலோனில் ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்தில் மிச்சமிருக்கும் மாதங்களை எண்ண மாட்டார்கள். அடுத்த நிசான் மாதம் (மார்ச்-ஏப்ரல் வாக்கில் வரும் வருஷப்பிறப்பு) தொடங்குவதுதான் 'முதலாம் வருஷம்'. இது முடிந்த வயசுக் கணக்கு மாதிரி. பட்டத்துக்கு வந்த வருஷத்தையே முதலாவதாக எண்ணுகிற வழக்கமும் இருந்தது. அது நடப்பு வயசு. தானியேல் 1:1 'யோயாக்கீமின் மூன்றாம் வருஷம்' என்பதும் எரேமியா 25:1 'நாலாம் வருஷம்' என்பதும் ஏன் இடிக்கின்றன என்பதற்கு அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம் இதுதான். எரேமியா புத்தகத்துக்குள்ளேயே 52:12இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் 19ஆம் வருஷம் வருகிறது, 52:29இல் 18ஆம் வருஷம் வருகிறது. எருசலேம் விழுந்தது கி.மு. 586ஆ 587ஆ என்று இன்றைக்கும் இரண்டு கட்சி இருப்பதற்கு இந்த ஒரு வருஷ இழுபறி ஒரு காரணம்.

இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். அந்த வட்டாரமும் 1989வரை நம் வட ஆற்காடுதான். கல்லில் கி.பி. எதுவும் இருக்காது. பல்லவ அரசனின் பெயர், அவனுக்கு 'யாண்டு' இத்தனையாவது, மாடு மீட்கப்போய்ச் செத்த வீரனின் பெயர், அவ்வளவுதான். அரசன் பட்டத்துக்கு வந்த வருஷத்தை வேறொரு சான்றால் கண்டுபிடித்தால்தான் அந்தக் கல்லுக்கு நம் காலண்டரில் இடம் கிடைக்கும். வேதத்தில் இருக்கிற தேதிகளும் பெரும்பாலும் இதே ஜாதி.

அடுத்தது, வருஷம் எந்த மாதத்தில் பிறக்கிறது. நெகேமியா 1:1இல் இருபதாம் வருஷம் கிஸ்லேவ் மாதம் (நவம்பர்-டிசம்பர்). அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லும் 2:1இல் நிசான் மாதம், ஆனால் அதே இருபதாம் வருஷம். நிசானில் வருஷம் பிறப்பதாக இருந்தால் இது 21 ஆகியிருக்க வேண்டும். எனவே நெகேமியா இலையுதிர் காலத்தில் பிறக்கும் வருஷத்தை வைத்து எண்ணுகிறார் என்று பலர் கொள்கிறார்கள். அதனால் அந்த நிசான் கி.மு. 445ஆ 444ஆ என்று ஒரு வழக்கு. இதைப் பின்னால் எடுப்போம்.

மூன்றாவது, இரு முனையும் சேர்த்து எண்ணுவது. இயேசு மரித்து உயிர்த்தது வெள்ளி, சனி, ஞாயிறு: மூன்றாம் நாள். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு நாள்கூட முழுதாக இல்லை. "இன்னைக்கு எட்டாம் நாள் வாங்க" என்று சொல்கிற நாம் இதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பூஜ்ய வருஷம் கிடையாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. கி.மு. வருஷத்தில் தொடங்கி ஒரு கி.பி. வருஷத்தைக் கண்டுபிடிக்கிற எந்தக் கணக்கிலும் விடையோடு ஒன்று கூட்ட வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இன் 2300 இராப்பகலை வருஷங்களாக எடுத்து, கி.மு. 457இல் தொடங்கி, 2300இலிருந்து 457ஐக் கழித்து 1843 என்று வந்தார். பூஜ்யம் இல்லாததைக் கவனித்த பிறகு அது 1844 ஆனது. அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துக் காத்திருந்தார்கள். நாள் தாண்டியது. நிலத்தில் விளைந்ததை எடுக்காமல் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். படிக்கும்போது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான். இத்தனைக்கும் அவர்கள் கடைசியில் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. நாள் வருஷமாகுமா, 2300 எங்கே தொடங்குகிறது என்ற இரண்டு கேள்வியையும் முடிந்ததாக வைத்துக்கொண்டுதான் கூட்டவே ஆரம்பித்தார்கள்.

4. தொடக்கமும் முடிவும்: எல்லா ஜோடியையும் எழுதிப் பாருங்கள்

வட ஆற்காடு மாவட்டம் என்றைக்கு முடிந்தது? 1989இல் திருவண்ணாமலை பிரிந்தபோதா? மிச்சப் பகுதி அம்பேத்கர் பெயரையும் விட்டு வேலூர் மாவட்டம் ஆனபோதா? ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியானபோதா? அதிலும் 2019 ஆகஸ்ட் 15இல் அறிவிப்பு, நவம்பர் 28இல் தொடக்கவிழா. எந்தத் தேதியைச் சொன்னாலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்பதுதான் விடையைத் தீர்மானிக்கும்.

எழுபதுக்கும் அப்படியே. தொடக்கத்துக்கு நான்கு ஆள் நிற்கிறார்கள்.

கி.மு. 609: அசீரியாவின் கடைசிப் படை ஆரானை மீட்க முடியாமல் ஒழிந்தது. யோசியா ராஜா மெகிதோவில் செத்ததும் இந்த வருஷம். 605: கர்கேமிஸ் போர், நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வருதல். 597: முதல் பெரிய நாடுகடத்தல். 586: ஆலயம் எரிந்தது. முடிவுக்கு மூன்று: 539 அக்டோபரில் பாபிலோன் விழுந்தது, 538இல் யூதர் ஊருக்குத் திரும்பலாம் என்ற பெர்சிய ராஜா கோரேசின் கட்டளையும் அதைத் தொட்ட திரும்புதலும், 515 மார்ச்சில், பெர்சிய ராஜா தரியுவின் ஆறாம் வருஷம் ஆதார் மாதம் மூன்றாம் தேதி, இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தது (எஸ்றா 6:15).

இனி கையால் கழியுங்கள். 609 முதல் 539 வரை, எழுபது. 605 முதல் 539 வரை, அறுபத்தாறு. திரும்பி வந்தவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட 536ஐ வைத்து, இரு முனையும் சேர்த்து எண்ணினால் 605இலிருந்தும் எழுபது வரும். பிரசங்கங்களில் அதிகம் கேட்பது இதுதான். 597இலிருந்து 539க்கு ஐம்பத்தெட்டு, எப்படி வளைத்தாலும் வராது. 586 ஆகஸ்ட் முதல் 515 மார்ச் வரை எழுபது வருஷம் ஏழு மாதம்.

பையன் உடனே கேட்டான்: "எது சரி அங்கிள்?" எனக்கும் அவசரம்தான். ஆனால் எண் பொருந்துகிறது என்பது சான்று ஆகாது. நான்கு தொடக்கம், மூன்று முடிவு, இரண்டு எண்ணும் முறை இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். முதல் படியில் எழுதின தாளுக்குத் திரும்பிப் போக வேண்டும். எது நடந்தால் முடிந்தது என்று எழுதினோம்? பாபிலோன் ராஜா விசாரிக்கப்படுவது. அது 539. ஆட்சியின் காலம் என்று வசனமே சொல்வதால் தொடக்கமும் ஆட்சி கைமாறிய நேரமாக இருக்க வேண்டும். என் தீர்ப்பு 609-539 பக்கம். 605ஐச் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். அந்த வருஷத்தில்தான் எரேமியா அதைச் சொன்னார், யூதாவின் கழுத்தில் நுகம் விழத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். 586-515ஐ நான் வேறு கணக்கில் வைப்பேன். அது ஆலயத்தின் எழுபது, 25ஆம் அதிகாரத்தின் எழுபது அல்ல.

5. முதலில் படித்தவர்கள் எப்படிப் படித்தார்கள்?

பழைய பத்திரத்தில் சந்தேகம் வந்தால் அதற்குப் பிறகு வந்த பத்திரங்களில் அதே சொத்தை எப்படிக் குறித்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். எரேமியாவுக்குப் பிறகு வந்தவர்கள் மூன்று இடத்தில் இந்த எழுபதைத் தொடுகிறார்கள்.

2 நாளாகமம் 36:20-22 அதை நிலத்தின் ஓய்வோடு சேர்த்துக் கட்டுகிறது. லேவியராகமம் 26இல் ஜனங்கள் கொடுக்காமல் விட்ட ஓய்வு வருஷங்களை நிலம் தானே எடுத்துக்கொள்ளும் என்று இருக்கிறதே, அதோடு. முடிவைப் பெர்சியாவின் ஆட்சியில், கோரேசின் கட்டளையில் வைக்கிறது.

சகரியா 1:12இல் தரியுவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 519இன் தொடக்கத்தில், தூதன் "இந்த எழுபது வருஷம்" என்று எருசலேமுக்காகக் கெஞ்சுகிறான். ஆலயம் எரிந்து அப்போது அறுபத்தாறரை வருஷம்தான். இரண்டு வருஷம் கழித்து 7:5இல் ஐந்தாம் மாத, ஏழாம் மாத உபவாசங்களைப்பற்றிப் பேசும்போதும் எழுபதுதான். அறுபத்தாறுக்கும் எழுபது, அறுபத்தெட்டுக்கும் எழுபது. சகரியாவுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாள், மாதம், வருஷம் எல்லாம் குறித்துவைத்த தீர்க்கதரிசி அவர். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு தளர்வாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள். இதைப் பார்த்த அன்றைக்கு நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

மூன்றாவது தானியேல் 9:2. எரேமியாவின் சுருளைப் படித்து எண்ணைப் புரிந்துகொண்ட தானியேல் அடுத்து என்ன செய்தார்? தேதி குறிக்கவில்லை. சாம்பலில் உட்கார்ந்து பாவ அறிக்கை செய்தார். அதற்குப் பதிலாக வந்தது ஒரு புதுக் கணக்கு. அதற்கு வருவோம்.

6. வெளிச்சாட்சி

சாட்சிக் கையெழுத்து இல்லாத பத்திரத்தை யாரும் லேசில் நம்ப மாட்டார்கள். இங்கே சாட்சிகள் களிமண் பலகைகள். பாபிலோனின் நாளாகமப் பலகைகள் நேபுகாத்நேச்சார் பட்டத்துக்கு வந்ததைச் சொல்கின்றன. அவனுடைய ஏழாம் வருஷம் ஆதார் மாதம் இரண்டாம் தேதி யூதாவின் நகரத்தைப் பிடித்ததைச் சொல்கின்றன. கி.மு. 597 மார்ச் என்று நாம் துணிந்து எழுதுவது அதை வைத்துத்தான். அவனுடைய 37ஆம் வருஷத்து வானநோக்குக் குறிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. சந்திரனும் கிரகங்களும் எங்கே நின்றன என்று அதில் எழுதியிருப்பதால் அந்த வருஷம் கி.மு. 568-567 என்று உறுதியாகிறது. பஞ்சாங்கத்தை நம்புகிற ஊருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். 1879இல் பாபிலோனில் கிடைத்த கோரேசின் உருளை, பிற தெய்வங்களையும் ஜனங்களையும் அவரவர் இடத்துக்குத் திருப்பி அனுப்பிய கொள்கையைச் சொல்கிறது. ஆனால் அதில் யூதாவின் பெயரோ எருசலேமின் பெயரோ இல்லை. மேடையில் அதைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் இந்தப் பின்குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

7. நிபந்தனை உண்டா என்று பாருங்கள்

யோனா நினிவேயில் "இன்னும் நாற்பதுநாள்" என்றார். நாற்பது முடிந்தும் நகரம் நின்றது. எரேமியா 18:7-10 அதற்கான விதியைச் சொல்கிறது: ஜனம் திரும்பினால் சொன்ன தீங்கும் திரும்பும், நன்மைக்கும் அப்படியே. எனவே நிறைவேறாத தேதி எல்லாம் பொய்த் தேதி என்றும் சொல்லிவிட முடியாது.

பொய்த் தேதிக்கு உதாரணம் எரேமியா 28இல் இருக்கிறது. அனனியா என்கிற தீர்க்கதரிசி சிதேக்கியாவின் நாலாம் வருஷம் ஐந்தாம் மாதம் ஆலயத்தில் எல்லார் முன்னும் நின்று, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்றான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தையும் முறித்துப் போட்டான். ஏழாம் மாதம் செத்தான். கவனியுங்கள்: கிட்டத்தில் தேதி சொன்னவன் அனனியா. கேட்கிறவர்களில் பலர் உயிரோடு பார்க்க முடியாத தேதியைச் சொன்னவர் எரேமியா. கூட்டம் எந்தப் பக்கம் கைதட்டியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

8. தானியேல் 9: இதே கோலால் அளந்து பாருங்கள்

மூன்றாவது சனிக்கிழமை இதற்கே போனது. 9:24-27, எழுபது வாரம். இங்கே 'வாரம்' என்பதன் எபிரெயச் சொல் 'ஏழு கொண்ட தொகுதி'. 10:2இல் தானியேல் மூன்று வாரம் துக்கித்தபோது எபிரெயத்தில் 'நாட்கள்' என்ற சொல்லும் கூட வருகிறது, 9:24இல் வரவில்லை. லேவியராகமம் 25:8 வருஷங்களை ஏழேழாக எண்ணச் சொல்கிறது. எழுபது வருஷத்தைப்பற்றிய ஜெபத்துக்குப் பதில் என்பதால், ஏழு வருஷக் கூறுகள் எழுபது, மொத்தம் 490 என்று எடுப்பதில் பெரும்பாலும் தகராறு இல்லை. அதற்கு மேல் எல்லாம் தகராறுதான்.

எருசலேமைத் திரும்பக் கட்டக் "கட்டளை வெளிப்படுவதுமுதல்" மேசியா வரும்வரை என்கிறது 9:25. எந்தக் கட்டளை? எங்கள் தொழிலில் எழுதிக்கொடுத்த தேதி ஒன்று, பதிவான தேதி ஒன்று. நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொண்டுபோனால் போதும், ஆனால் பதிவானதும் செல்லுபடியாவது பொதுவாக எழுதிக்கொடுத்த நாளிலிருந்து. இங்கேயோ பத்திரமே நான்கு. கோரேசு 538 (எஸ்றா 1), தரியு 520 வாக்கில் (எஸ்றா 6), இன்னொரு பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் ஏழாம் வருஷம் 457 (எஸ்றா 7), இருபதாம் வருஷம் 445 அல்லது 444 (நெகேமியா 2).

அந்த வசனம் சொல்கிற ஏழும் அறுபத்திரண்டும் சேர்த்து 69 வாரம், 483 வருஷம். 538இலிருந்து கி.மு. 55 வரும், அங்கே ஒன்றும் இல்லை. 457இலிருந்து, பூஜ்யத்தைத் தாண்டி, கி.பி. 27. இயேசு ஊழியம் தொடங்கிய காலத்தோடு பொருந்துகிறது என்பார்கள். ஆனால் எஸ்றா 7இன் கட்டளை ஆலய ஆராதனையையும் நியாயாதிபதிகளையும் பேசுகிறது, அலங்கத்தை (நகர மதிலை) பேசவில்லை. 445இன் கட்டளை அலங்கத்தைப் பேசுகிறது, ஆனால் சூரிய வருஷமாக எண்ணினால் கி.பி. 39க்குப் போய்விடுகிறது. அதனால் ராபர்ட் ஆண்டர்சன் என்கிற லண்டன் போலீஸ் அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் வருஷத்துக்கு 360 நாள் என்று வைத்து, 173880 நாளாக எண்ணி, கி.பி. 32இல் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்குப் பதினாறு நூற்றாண்டுக்கு முன் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்கிற கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் இதே இருபதாம் வருஷத்தில் தொடங்கி, 354 நாள் கொண்ட சந்திர வருஷமாக 490ஐ எண்ணி, ஏறத்தாழ 475 சூரிய வருஷம் என்றார். ஒரே துணி, இரண்டு கோல். ஒருவர் 483ஐ 360ஆல், மற்றவர் 490ஐ 354ஆல். யூதர்களோ சில வருஷங்களுக்கு ஒருமுறை இரண்டாவது ஆதார் மாதம் சேர்த்துச் சூரியனோடு சரிசெய்துகொண்டவர்கள். 360இலும் 354இலும் அவர்கள் வருஷக்கணக்காக ஓட்டவில்லை.

பல்கலைக்கழக அறிஞர்களில் பெரும்பாலோர் வேறு வழி போகிறார்கள். கடைசி வாரம் கி.மு. 171-164, அதன் பாதி 167இல் சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகுஸ் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியது என்பார்கள். 586இலிருந்து 538க்கு முதல் ஏழு வாரம் அழகாகப் பொருந்தும். ஆனால் நடுவில் உள்ள 62 வாரம் 434 வருஷம், இருக்கிற இடமோ 367 வருஷம். அறுபத்தேழு வருஷம் இடிக்கிறது. முறைவைத்த எண், கறாரான எண் அல்ல என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

நிறுத்தக்குறிகூடச் சண்டைதான். நம் மொழிபெயர்ப்பு ஏழையும் அறுபத்திரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. எபிரெய மூலத்தின் மரபுக் குறி ஏழுக்குப் பிறகு நிறுத்துகிறது. நிறுத்தினால் ஏழு வாரத்தில் ஒரு அபிஷேகம்பண்ணப்பட்டவர் வருகிறார். ஏசாயா 45:1 கோரேசையே அப்படி அழைக்கிறது. நிறுத்தாவிட்டால் 69க்குப் பிறகு மேசியா.

நான் எந்தப் பக்கம் என்று பையன் விடாமல் கேட்டான். சபையில் வளர்ந்தவன், எனக்கு 457 பிடிக்கும், மறைக்கவில்லை. ஆனால் நாள்வரை அப்படியே பொருந்துகிறது என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் இழுத்துக் கட்டியிருக்கிறார் என்று முதலில் தேடுவேன். இதுவரை தேடாமல் கிடைத்ததில்லை, தேடிக் கிடைக்காமலும் போனதில்லை.

9. இனி அந்த நோட்டீசை எடுங்கள்

பையனே எடுத்தான். சிவப்பு மையில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனான். வசனம் யாருக்குச் சொன்னது: இல்லை. தொடக்க வருஷம் ஏன் அது: இல்லை. நாள் ஏன் வருஷமானது: ஒரு வசனம், எண்ணாகமம் 14:34. அது வேவுகாரர்களின் நாற்பது நாளுக்குச் சொன்னது, எல்லா நாளுக்கும் சொன்ன விதி அல்ல. பூஜ்ய வருஷம்: கவனிக்கவில்லை, ஒரு வருஷம் தவறு. முன்பு இதே கணக்கில் வேறு வருஷம் சொல்லியிருக்கிறார்களா: பின்பக்கத்தில் 'திருத்திய பதிப்பு' என்று இருந்தது. திண்ணையில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்போஸ்தலர் 1:7ஐ யாரோ வாசித்தார்கள்.

கிளம்பும் முன் எரேமியா 32ஐ அவனுக்குப் படித்துக் காட்டினேன். எனக்கு வேதத்தில் மிகப் பிடித்த அதிகாரம், தொழில் அப்படி. பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது, எரேமியா காவலில் இருக்கிறார். தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரியின் கையில் கிடக்கிற நிலம். எழுபது என்று சொன்னவருக்கு அதில் தான் ஏர் பூட்டப்போவதில்லை என்று தெரியாதா? ஆனாலும் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் இரண்டு: முத்திரித்தது ஒன்று, திறந்தது ஒன்று. நாங்கள் அசலும் நகலும் எடுப்பது மாதிரி. சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

"உங்க சித்தப்பா அப்புறம் என்ன செஞ்சார் அங்கிள்?" என்றான் பையன்.

அடுத்த ஆடிக்கு விதை வாங்கக் கையில் காசு இல்லை. கடனுக்கு அலைந்துகொண்டிருந்தவரிடம் சித்தி ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கி வைத்தார். வாயில் துணி கட்டி, மேலே சாணி மெழுகியிருந்தது. வறுத்த அன்றைக்கே எடுத்துப் போட்ட ஒரு படி மல்லாட்டை. ஓடு உரிக்காமல், அப்படியே இருந்தது.